வாடையும் ஈர விறகும்

வடமராட்சி எழுத்தைப் பற்றிப் பேசுவோர் ஒன்றில் சாதியம் என்பர், அல்லது போர் என்பர். இரண்டும் பொய்யல்ல. சாதியத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தெணியானை வாசிக்க முடியாது. ஆனால் இந்த இரண்டு தலைப்புக்களுக்கும் அப்பால் ஒரு விடயம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அதுதான் மாரி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மார்கழியில் உடுப்பிட்டியில் ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். உடுப்பிட்டி கடற்கரை ஊர் அல்ல. எனினும் வல்வெட்டித்துறையும் தொண்டைமானாறும் சைக்கிள் தூரம்தான். வாடை பலத்தால் இரவில் கடல் இரைவது கேட்கிறது. விடியப்புறம் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் போயின. நண்பரின் தாயார் அடுப்படியில் நனைந்த விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பொச்சும் கொக்காரையும் மழைக்கு முன்னரே பரணில் ஏற்றிவைத்திருந்ததால் தேநீர் கிடைத்தது. கடல் கொந்தளிப்பதால் தொழிலுக்குப் போவோர் குறைவு; மீன் விலை ஏறிவிட்டது. அன்று மத்தியானம் ஒடியற்கூழுக்குக் கருவாடுதான் போட்டார்கள்.

அந்த வீட்டில் இருந்துகொண்டு செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலை நினைத்துப் பார்த்தேன். 1973 இல் வெளிவந்து 1978 இல் திரைப்படமுமான நாவல் அது. களம் நெடுந்தீவு. வாடைக் காலத்தில் தீவுக் கரைக்கு வாடி அமைக்க வரும் வெளியூர் மீனவரும், அவர்களால் குலையும் உள்ளூர் மனங்களுமே கதை. பருவகாலம் ஒன்றை நாவலின் எலும்பாக அமைத்ததில் செங்கை ஆழியானுக்கு உரிய பெருமையைக் குறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அங்கே வாடை கடலில் வீசுகிறது, கரையில் வீசுகிறது, காதலர் மீது வீசுகிறது. அடுப்படிக்குள் அவ்வளவாக வீசவில்லை. வாடை தொழிலாகவும் வேட்கையாகவும் வருகிறதே தவிர, அரிசிப் பானையின் அடி தெரியும் காலமாக வருவது குறைவு என்பதே என் வாசிப்பு.

வடபுலத்துக் குடும்பத்துக்கு மாரி ஓர் அடகுக் காலம். ஆவணி, புரட்டாதியில் கூரை வேய்ந்து முடிக்கவேண்டும். வயலுள்ளவர் விதைப்புக்குக் கைக்காசைக் கொட்டிவிடுவர். அறுவடை தையிலும் மாசியிலும்தான். பாத்தியில் போட்ட பனங்கிழங்கு பதமாகும்வரை, இடையில் உள்ள வாரங்களை நகர்த்துவது பெண்கள். சேர்த்துவைத்த ஒடியலும் பினாட்டும் மட்டுமல்ல, காதில் கிடக்கும் தோடும் அந்தக் கணக்கில் வரும். இவ்வளவு நாடகம் உள்ளே நடக்கையில் கதாசிரியர்கள் ஏன் படலைக்கு வெளியிலேயே நிற்கிறார்கள்?

உள்ளே போனவர் என்று தொண்டைமானாற்றைச் சேர்ந்த குந்தவையைச் சொல்வேன். அறுபதுகளிலேயே எழுதத் தொடங்கியவர். அவரது 'யோகம் இருக்கிறது' தொகுதி 2002 இல்தான் வந்தது. அந்தத் தாமதம் நமது பதிப்புச் சூழலின் இலட்சணம். அதைத் தனியாகப் பேசவேண்டும். குந்தவையின் கதைகளைப் 'போர்க்காலக் கதைகள்' என்று ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அவை முதலில் வீட்டுக் கதைகளாகவே படுகின்றன. போர் அங்கே கூரை ஒழுக்குப் போல வருகிறது. சட்டியை எங்கே வைப்பது என்றுதான் பெண்கள் முதலில் யோசிக்கிறார்கள். குரல் உயர்வதில்லை. உயராததை ஒரு குறையாகச் சொன்ன நண்பர்களும் உண்டு. நான் உடன்படவில்லை.

அவரது கதையொன்றின் பெயர் 'வல்லைவெளி'. உடுப்பிட்டிப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் போவோர் கடக்கவேண்டிய வெட்டவெளி அது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் மழைக்குள் நடந்தபோது தென்மராட்சிக்குப் போனவர்களே அதிகம். வடமராட்சிக்கு வந்தவர்களும் உண்டு. அந்த மாரியில் உடுப்பிட்டி வீடுகளில் ஒரு அடுப்பில் மூன்று குடும்பம் சமைத்தது என்று நண்பரின் தாயார் சொன்னார். பிறகு, நான் யார் என்பதை நினைத்துக்கொண்டவர் போல,

"உங்கட ஆக்களை அனுப்பினதும் ஐப்பசியிலதானே தம்பி. அந்த வரியம் குடை திருத்த நானா வரேல்லை. பிறகு ஒருத்தரும் வரேல்லை" என்றார்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்ட நாள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர். ஐந்து ஆண்டு இடைவெளியில் ஒரே திகதியில் இரண்டு பெயர்வுகள், இரண்டும் மாரியின் தொடக்கத்தில். இதைக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். நான் வாசித்த யாழ்ப்பாணத்து மாரிக் கதைகளில் குடை திருத்த வராத நானாவைத் தேடினேன். கிடைக்கவில்லை. அவர் வராததைக் கவனித்தவர் அடுப்படியில் இருந்த பெண். கதை எழுதியவர்கள் அடுப்படிக்குப் போகாததால் அவரும் கதைக்குள் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தக் குற்றச்சாட்டை ஒருபக்கமாக வைப்பது நேர்மையல்ல. நமது பக்கத்தில் முல்லைத்தீவுத் தண்ணீரூற்றைச் சேர்ந்த முல்லை முஸ்ரிபா போன்றோர் இழந்த நிலத்தைக் கவிதையில் மீட்டிருக்கிறார்கள். உரைநடையில் நாம் செய்தது என்ன? வெளியேற்றம் என்றால் நமது கதைகளிலும் ஒலிபெருக்கி அறிவிப்பு, சோதனை, லொறி, கண்ணீர். அதோடு கதை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வந்த கார்த்திகையும் மார்கழியும் எங்கே? புத்தளத்து ஓலைக் கொட்டிலுக்குள் அந்த முதல் மாரியை எப்படிக் கழித்தீர்கள், எதை எரித்துச் சமைத்தீர்கள், எந்தப் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி கண்டது என்று கேட்டால் நமது உம்மாமார் ஒரு மணித்தியாலம் விடாமல் பேசுவார்கள். கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலர். அந்த உம்மாமாரில் பலர் இப்போது இல்லை.