மதத் துறப்பும் தோம்பும்: கதிரவெளியை முன்னிறுத்தி ஒரு நோக்கு

கிறித்தவத்தில் 'விசுவாச துரோகம்' எனவும் இஸ்லாத்தில் 'ரித்தத்' எனவும் வழங்கும் மதத் துறப்பினை ஒப்பியல் நோக்கில் ஆராய்வோர் பெரும்பாலும் வேதநூல்களிலிருந்தே தொடங்குவர். ஒருவர் எதனை நம்பினார், பின்னர் ஏன் நம்பாதுவிட்டார் என்பதே அவர்தம் வினா. நாம் வேறோரிடத்திலிருந்து தொடங்க விரும்புகின்றோம்.

மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரையைக் கடந்து வெருகலை நோக்கிச் செல்லும் கரையோரத்தில் உள்ளது கதிரவெளி. தமிழ் பேசும் வேடர் சமூகத்தினர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி இது. 1814இல் மட்டக்களப்பில் காலூன்றிய வெஸ்லியன் மிஷன், 1840களில் அம்மாவட்டத்து வேடரிடையே பணியாற்றிப் பலருக்கு ஞானஸ்நானம் வழங்கிற்று. குடியிருப்புகளும் பள்ளிகளும் எழுந்தன. ஆயின் சில ஆண்டுகளுள் அவருட் பலர் குடியிருப்பையும் சபையையும் விட்டு நீங்கினர். மிஷன் சார்பான எழுத்துக்கள் இதனைப் பின்வாங்கலாகவே கண்டன.

அவர் எதிலிருந்து பின்வாங்கினர்? செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூல், கரையோர வேடர் 'கப்பல் பேய்' எனும் தெய்வங்களுக்குச் சடங்காற்றியதைக் குறிப்பிடுகின்றது. கடல் கடந்து, கப்பலேறி வந்த தெய்வங்கள் இவை. புதிதாக வந்த தெய்வத்துக்குப் பந்தலில் இடங்கொடுப்பதற்காகப் பழைய தெய்வத்தை வெளியேற்ற வேண்டியதில்லை என்பதே அச்சடங்கின் அடிப்படை. அவ்வாறான வழிபாட்டில் ஒருவன் யேசுவை ஏற்பதும் பின் சபைக்குச் செல்லாது விடுவதும் துறப்பு ஆகா. துறப்பு என்ற எண்ணம் வேடரிடம் இருக்கவில்லை. அது பாதிரிமாரின் பதிவேட்டில் இருந்தது.

இதனைக் கிறித்தவத்தின் தொடக்க வரலாறே உறுதிசெய்கின்றது. கி.பி. 250இல் டேசியஸ் பேரரசன் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டுமென ஆணையிட்டான். பலியிட்டோரும், பலியிடாமலே சீட்டை விலைக்கு வாங்கியோரும் திருச்சபைக்கு மீள விரும்பியபோதுதான் துறப்பு ஒரு பெரும் நிர்வாகப் பிரச்சினையாயிற்று. 325இல் கூடிய நிசேயாச் சங்கம், வற்புறுத்தலின்றி மறுதலித்தோருக்குப் பன்னிரண்டாண்டுத் தவத்தை விதித்தது. 381இல் தியோடோசியஸ், கிறித்தவத்தை விட்டுப் பழைய வழிபாட்டுக்குத் திரும்பியோரின் மரணசாசன உரிமையைப் பறித்தான். நம்பிக்கை பற்றிய வழக்கு அறுபது ஆண்டுகளுள் சொத்து வழக்காகிவிட்டது! இஸ்லாமியச் சட்ட அறிஞரும் மரண தண்டனையோடு நில்லாது, துறந்தவனின் மணவுறவு, உடைமை, வாரிசுரிமை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்தனர். குர்ஆன் இதற்கு இம்மைத் தண்டனை எதனையும் கூறவில்லை என்பதை இக்கால முஸ்லிம் அறிஞர் பலர் சுட்டிக்காட்டுவர்.

பௌத்த விநயம் சுவையான ஒரு வேறுபாட்டைச் செய்கின்றது. சீவரத்தைக் களைந்து இல்லறம் புகுந்த பிக்கு மீண்டும் துறவு பெறலாம். சீவரத்தோடே வேற்றுச் சமயத்தாரிடம் சென்றவனுக்கு அவ்வாயில் அடைக்கப்படும். சங்கம் அஞ்சியது மனமாற்றத்தையன்று, அணிமாற்றத்தையே எனலாம். சைவமோ, சமணத்தில் தருமசேனராக விளங்கி மீண்ட திருநாவுக்கரசரை நாயன்மாருள் வைத்துப் போற்றிற்று. அவர் விட்டுவந்த சமணர் அவரை எவ்வாறு கருதினர் என்பதைப் பெரியபுராணத்திலிருந்தே நாம் அறிகின்றோம். அதாவது, வென்றவர் வாய்மொழியாக. (காவுட்ஸ்கியை 'ஓடுகாலி' என லெனின் 1918இல் சாடியதை மறவாத முற்போக்காளராகிய நாமும் இவ்விடத்தில் சற்று நிதானிப்பது நன்று. 'துரோகி' எனும் சொல் கிழக்கு மாகாணத்தில் எத்தனை உயிர்களைக் குடித்ததென்பது யாவரும் அறிந்ததே.)

ஈழத்தில் துறப்பின் பொருளியல் மிகத் தெளிவாக வெளிப்படுவது ஒல்லாந்தர் ஆட்சியிலேயாம். பள்ளித் தோம்பில் பெயர் பதியப்பெற்றால்தான் திருமணம் செல்லும். பிள்ளைகளின் உரிமை நிற்கும். உத்தியோகம் வேண்டின் ஞானஸ்நானம் வேண்டும். 1796இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறி அக்கட்டாயம் தளர்ந்ததும் தோம்புக் கிறித்தவர் பெருந்தொகையாகக் கோயில்களுக்குத் திரும்பினர். 1806இல் யாழ்ப்பாணம் வந்த குளோடியஸ் புக்கானன், சீர்திருத்தக் கிறித்தவம் அங்கு ஏறத்தாழ அழிந்துவிட்டதென எழுதினார்.

1850இல் 'இலங்கையில் கிறித்தவம்' பற்றி நூலெழுதிய எமர்சன் டெனன்ற், இதற்கு ஒல்லாந்தரின் ஆசைகாட்டலைக் காரணங்காட்டினார். அது சரியான கணிப்பே. எனினும் மனமார நம்பாதவன் பெற்ற ஞானஸ்நானம் போலியென்பதற்கு மேல் அவர் செல்லவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை நிறுவிய ஆறுமுக நாவலரும், உத்தியோகத்துக்காகச் சபையில் சேர்ந்தவரை இதே அளவுகோல் கொண்டே கண்டித்தார். எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் ஒரு மனிதன் ஒரு பதிவேட்டுக்கே உரியவன் என்பதில் உடன்பட்டனர். நிலமும் பதவியும் இல்லாத வேடன் இவ்விருவர் கணக்கிலும் அடங்கான்.

2004இல் இலங்கைப் பாராளுமன்றத்துக்குக் கொணரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம், மதம் மாறுவோர் அதனைப் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டுமென விதித்தது. மீண்டும் ஒரு தோம்பு! விரும்பிய மதத்தைத் தழுவும் சுதந்திரத்தைக் கூறும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரைக்கு அவ்விதி முரணானதென உயர் நீதிமன்றம் அவ்வாண்டே தீர்மானித்தது. சட்டம் நிறைவேறவில்லை. ஆயினும் அவ்வாண்டின் இறுதியில் நேர்ந்த கடற்கோளுக்குப் பின் வாகரைக் கரையோரத்தில் நிவாரணத்தோடு புதிய சபைகளும் வந்தன. அவற்றில் சேர்ந்த வேடரைச் சைவ அன்பர் 'அரிசிக் கிறித்தவர்' என்கின்றனர். அவ்வேடரின் முன்னோர் பசித்திருந்த காலத்தில் அவர்களை எந்தக் கோயிலின் உள்வீதியில் நிறுத்தியிருந்தோம் என்பதற்கு இவ்வன்பர்களிடம் நாம் இன்னும் விடை கேட்கவில்லை.