‘மாஸ்ரர் ஒவ் றியாலிற்றி’: அச்சத்தின் இசை

மேல்வகுப்பு மாணவர் விரும்பிக் கேட்பது யாதென அறியும் ஆவலே இவ்விசைத்தட்டை எம் செவிக்குக் கொண்டுவந்தது. வெறுங் கூச்சலென ஒதுக்கிவிடவே எண்ணியிருந்தோம். 1971இல் இது வெளிவந்தபோது இங்கிலாந்து, அமெரிக்க விமரிசகர் பலரும் அவ்வாறே எண்ணி ஏளனஞ் செய்தனர். எனினும், ‘டூம் மெற்றல்’ எனப் பின்னாளிற் பெயர்பெற்ற மந்தகதி இசைக்கு ஊற்றுக்கண் பிளாக் சபாத் குழுவினரின் இம்மூன்றாவது தொகுப்பே என்பர்.

குழுவினர் நால்வரும் பேர்மிங்ஹாம் நகரின் ஆஸ்ரன் பகுதித் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தோர். பாடகர் ஒஸ்போர்ன் இறைச்சிக்கூடத்தில் வேலைசெய்தவர். கிற்றார் வாசிக்கும் ரொனி அயோமி 17 வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்த இறுதி நாளன்று, இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இருவிரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்கு நரம்புகளை அழுத்துங் கை அதுவே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு உறை செய்து மீண்டும் வாசிக்கலானார். இத்தொகுப்பின் சில பாடல்களில் நரம்புகளை மூன்று அரைச்சுரம் தாழ்த்திக் கட்டினார். நரம்பு தளர்ந்தால் விரல் நோவு குறையும். பட்லரும் தம் மந்தரக் கிற்றாரை அதற்கேற்பத் தாழ்த்தினார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் அந்தக் கனத்த ஒலி, அழகியற் கோட்பாடொன்றிலிருந்து பிறந்ததன்று. ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து பிறந்தது. உருவம் வேறு, வாழ்க்கை வேறு எனப் பிரித்துப் பேசுவோர் இதற்கு யாது விடை கூறுவர்?

அச்சம் என்னும் மெய்ப்பாட்டுக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களை வகுத்தார் தொல்காப்பியர். 1970இல் வெளிவந்த முதற்றொகுப்பின் தலைப்புப் பாடலிலே இக்குழுவினர் அஞ்சியது அணங்கையே. அதாவது, இருளில் நிற்கும் கரிய உருவத்தை. இங்கோ அச்சம் அதிகாரத்தின்பாற் பெயர்ந்துவிட்டது. ‘சில்ட்ரன் ஒவ் த கிறேவ்’ அணுவாயுத நிழலில் வளரும் இளந்தலைமுறையைப் பற்றியது. பில் வோர்டின் முழவு குதிரைப் பாய்ச்சலாய் விரைய, தாழ்ந்த கிற்றார் அதனைக் கீழிருந்து அழுத்துகிறது. அச்சத்தைச் சொல்லி அழாமல், எதிர்த்து நடக்கச் சொல்லும் பாடல் இது. தொகுப்பின் சிகரமும் இதுவே.

இடையே வரும் ‘ஓர்க்கிட்’ போன்ற சிறு தனிக்கிற்றார் உருப்படிகள் இனியவை. ‘சொலிற்றியூட்’ தனிமைப் புலம்பல், அவ்வளவே.

ஆயினும் சில குறைகளை மறைத்தல் நேர்மையன்று. முதற்பாடலான ‘ஸ்வீற் லீஃப்’ இருமலோடு தொடங்கிக் கஞ்சாவைக் காதலியெனப் போற்றுகிறது. தாளக்கட்டு எத்துணை வலியதாயினும், களைத்த தொழிலாளிக்குப் போதையை மருந்தெனக் காட்டும் பாட்டை நாம் எவ்வாறு ஏற்பது? (மாணவர் எம்மோடு முரண்பட்டதும் இவ்விடத்திலேதான்.)

இறுதிப் பாடலான ‘இன்ரு த வொயிட்’ இன்னும் சிக்கலானது. மாசும் பகையும் மலிந்த பூமியைத் துறந்து சிலர் விண்கலமேறிப் புத்துலகு தேடுகின்றனர். கிற்றார் நிலத்தை விட்டெழ மறுக்கின்றது, சொற்களோ பறந்துவிடுகின்றன. பின்தங்குவோரைத் தீமையின் ஆட்களென்று தள்ளிவிட்டுச் செல்கிறது பாட்டு. சொற்களிற் பெரும்பகுதியை எழுதியவர் பட்லர். நால்வரும் இறுதியாக ஒருங்கே மேடையேறியது 2025 ஜூலை 5இல், அதே ஆஸ்ரனில். அம்மாதம் 22இல் ஒஸ்போர்ன் மறைந்தார். விண்கலத்தில் இடங்கிடையாதோருள் ஆஸ்ரனின் தகட்டுத் தொழிலாளரும் அடங்குவர் என்பதைப் பட்லர் எண்ணிப் பார்த்திருப்பாரா?