சூலூர் வானத்தில் ஜெர்மன் இலக்கணம்

2024 ஆகஸ்டில் சூலூர் விமானப்படைத் தளத்தில் ஜெர்மனியின் யூரோஃபைட்டர்கள் வந்து இறங்கின. ‘தரங் சக்தி’ கூட்டுப் பயிற்சி. ஜெர்மன் விமானப்படை இந்தியாவில் பயிற்சி செய்தது அதுவே முதல்முறை. மொட்டைமாடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா பையன் கேட்டான்: “ஏனுங்ணா, இவிங்களுக்கு இங்க என்ன வேலை?” அவன் அப்போது பி1 தேர்வுக்கு ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கேள்வியோடுதான் ஜெர்மன் அரசின் இரண்டு கொள்கை ஆவணங்களை வாசித்தேன். கதையை வாசிப்பதுபோலவே இவற்றையும் வாசிக்கலாம்: எந்தச் சொல் புதிதாக வருகிறது, அது எதை மறைக்கிறது என்று.

முதலாவது, 2020 செப்டம்பரில் வந்த இந்தோ–பசிபிக் வழிகாட்டு நெறிகள். அதுவரை பெர்லினுக்கு இது ‘ஆசிய–பசிபிக்’. சீனச் சந்தைதான் அதன் நடு. பெயர் மாறியது சரி. ஆனால் கோடு எழுதுகிறவங்களுக்குத் தெரியும், வேரியபிள் பேரை மாத்தினா மட்டும் புரோகிராம் மாறிடாது. 2021இல் கிளம்பிய ‘பயர்ன்’ போர்க்கப்பல் ஷாங்காய் துறைமுகத்துக்கு வர அனுமதி கேட்டது. சீனா மறுத்தது. அப்படியும் கப்பல் தைவான் நீரிணைப் பக்கம் போகவில்லை. 2022இல் உக்ரைன் போர் வந்தது. ரஷ்ய எரிவாயுவை நம்பியிருந்த ஜெர்மனி, ஒரே நாட்டைச் சார்ந்திருப்பதன் விலையைப் படித்தது. 2024 செப்டம்பரில் ‘பாடன்-வூர்ட்டம்பர்க்’ அதே நீரிணை வழியாகப் போனது. இங்கே நடத்தையே மாறியிருக்கிறது.

இரண்டாவது, 2024 அக்டோபரின் ‘இந்தியா மீது கவனம்’. அதில் முக்கியமான சொல் ‘ஃபாக்கிராஃப்ட்’, அதாவது திறன் பணியாளர். பிரித்தால் ‘துறை’, ‘ஆற்றல்’ என்று இரண்டு சொற்கள். ஆள் என்ற சொல் அதற்குள் இல்லை. அந்த மாதமே, இந்தியத் திறன் பணியாளர்களுக்கான ஆண்டு விசா 20,000இலிருந்து 90,000 ஆகும் என்று டெல்லியில் அறிவித்தார்கள். 2000இல் இந்திய ஐடி ஆட்களுக்கு கிரீன் கார்டு தர ஷ்ரோடர் அரசு முயன்றபோது, ‘இந்தியர்களுக்குப் பதில் குழந்தைகள்’ என்ற பொருளில் அங்கே ஒரு தேர்தல் முழக்கம் ஓடியது. இருபத்து நான்கு வருடத்தில் இந்தத் தூரம்.

சுயநலம் என்று இதைக் குறைசொல்ல மாட்டேன். வெளியுறவுக் கொள்கை வேறெதற்கு? என் குறை வேறு. 2020 ஆவணம் தன் கொள்கைகளில் ஒன்றாக ‘சமமானவர்களின் கூட்டாண்மை’யைச் சொல்கிறது. அந்தச் சமத்துவம் அரசுகளுக்கு நடுவில் மட்டும்தானா, பெட்டியோடு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிற பையனுக்கும் உண்டா? 1961இல் துருக்கியிலிருந்து ஆள் எடுத்தபோது அவர்களை ‘விருந்தாளித் தொழிலாளி’ என்றார்கள். முதலில் இரண்டு வருடத்துக்குத்தான் அனுமதி. பலர் திரும்பவில்லை, குடும்பமே போய்ச் சேர்ந்தது. அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்க அந்த நாட்டுக்குப் பல பத்தாண்டுகள் ஆனது. சொல் பிழையாக இருந்ததற்கு இரண்டு தலைமுறை விலை கொடுத்தது.

நம் பக்கமும் ஒரு வாசிப்புப் பிழை உண்டு. காந்திபுரத்து விளம்பரப் பலகைகளை நம்பி நாம் இந்த விசாவை வரமாக வாங்கிக்கொள்கிறோம். மூத்துக்கொண்டிருக்கிற சமூகம் அது, தேவை அவர்களுடையதும்தான். தேவைப்படுகிறவரிடம் கேள்வி கேட்கலாம்: என் பட்டம் அங்கே செல்லுமா? வேலை போனால் எத்தனை நாள் இருக்கலாம்? மனைவியைக் கூட்டிக்கொள்ள எவ்வளவு காத்திருக்கணும்?

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். “இதெல்லாம் ஜெர்மன்லயே கேக்கோணும்ணா, அதுக்குத்தான் படிக்கறேன்” என்றான்.