குல்லாவுக்குள் கத்திரி வெயில்

பிள்ளை பார்க்கப் போகும் வீடுகளில் இப்போதெல்லாம் ஒரே மாதிரிப் பரிசுப் பெட்டிதான் கண்ணில் படுகிறது. குல்லா, கையுறை, காலுறை, தடித்த போர்வை. மார்கழியிலும் அதே பெட்டி, சித்திரையிலும் அதே பெட்டி. கூடவே, பாட்டிமுறைப் பேறுகாலத்தைப் போற்றும் காணொளிகளும் பெருகிவிட்டன. சன்னல் சாத்திய அறையில், விசிறியை நிறுத்திவிட்டு, பச்சைப் பிள்ளையைக் காற்றுப் படாமல் பொதிந்து வைக்கச் சொல்கிறார்கள். நம் பாட்டிமார் இப்படித்தானே பத்துப் பெற்று வளர்த்தார்கள் என்று கேட்கிறார்கள்.

இந்த முறையில் நல்லதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெற்றவளுக்கு ஓய்வு கிடைக்கிறது. கண்டவர் கைபடாததால் தொற்றும் குறைகிறது. பிறந்த ஈரத்தோடு பிள்ளையின் சூடு சட்டென்று இறங்கும். எடை குறைந்த பிள்ளைக்குக் கதகதப்புதான் உயிர். இவற்றில் எனக்குச் சண்டை இல்லை. நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த பிள்ளையைக் கத்திரி வெயிலிலும் அப்படியே பொதிவதுதான் என் பல வருட மறுப்பு.

பிறந்த பிள்ளையின் அக்குளில் வெப்பமானி வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நமக்குப் புழுங்கினால் வியர்த்து உடம்பு தணியும். அதற்கோ வியர்க்கும் திறன் இன்னும் முதிரவில்லை. உடம்பளவுக்குத் தலை பெரியது, சூடு வெளியேறும் பெரிய வழியும் அதுதான். அந்த வழியைக் குல்லா போட்டு அடைக்கிறோம். போர்வையை உதறித் தள்ள அதற்குத் தெரியாது. புழுங்குகிறது என்று சொல்லவும் முடியாது. அழும். அழுதால் குளிர்கிறது போலும் என்று இன்னொரு துணி ஏறும்.

இந்தத் தவறு பெரும்பாலும் காலைத் தொட்டுப் பார்ப்பதில் தொடங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் பாதத்தைத் தொட்டு, "ஐயோ, சில்லுனு இருக்கே" என்பார்கள். உடனே காலுறை வரும். பிறந்த சில வாரங்கள் கையும் காலும் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்புதான். தொட வேண்டியது பிடரியையும் வயிற்றையும். பிடரி கசகசத்து, கழுத்து மடிப்பில் வேர்க்குரு படர்ந்திருக்கும் பிள்ளைக்கும் காலைப் பார்த்தே தீர்ப்பு எழுதுகிறோம்.

என் தங்கை மகன் ஒரு மே மாதத்தில் பிறந்தான். மொட்டைமாடிக்கு நேர் கீழே அறை. நான்காம் நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஜன்னி கண்டுவிட்டது என்று வீடே பதறியது. பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாமதிக்கக் கூடாது என்று ஓடினோம். மருத்துவர் முதலில் குல்லாவைக் கழற்றினார். பிறகு எடை பார்த்தார், எத்தனை முறை சிறுநீர் போனான் என்று கேட்டார். தொற்று இல்லை என்று சோதித்து உறுதிசெய்தபின், நீர் வற்றிய காய்ச்சல் என்றார். பத்தியம் என்று சொல்லித் தாய்க்கும் தண்ணீரை அளந்துதான் கொடுத்திருந்தோம்! பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், அடிக்கடி தாய்ப்பால் போதும், அதில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் காய்ச்சலை உண்டாக்கியவர்கள் நாங்கள்.

அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. அங்கே ஒரு மாநகராட்சி மருத்துவமனையில் பேறுகால வார்டு மேல்தளத்தில் இருந்தது. வெப்பத்தால் பச்சிளம் பிள்ளைகள் தீவிர சிகிச்சைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். 42 டிகிரிக்கு மேல் ஏறிய ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த எண்ணிக்கை 43 சதவீதம் கூடியது என்று மருத்துவர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியபின் அந்த எண்ணிக்கை 64 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் மாற்றியது பிள்ளைகள் கிடந்த தளத்தை.

இனி பாட்டிமார் வாதம். 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் அது 28. பத்துப் பெற்றவர்கள் பத்தையும் வளர்க்கவில்லை. புதைத்ததை யாரும் காணொளியில் சொல்வதில்லை. பாட்டி படுத்த அறைக்கு மேலே ஓலையோ நாட்டு ஓடோ இருந்தது, பிள்ளைக்கு விரித்தது நைந்த பருத்திச் சேலை. நம் அறைக்கு மேலே இரவெல்லாம் அனல் கக்கும் கான்கிரீட், சுற்றுவது காற்றுப் புகாத செயற்கை இழை. வீட்டை மாற்றிவிட்டுப் பொதிவதை மட்டும் மரபு என்கிறோம். சித்திரை வெயில் பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்றுதானே ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைத்ததற்குக் காரணம் சொல்கிறார்கள்? அவ்வளவு அஞ்சிய வெயிலில் பிள்ளைக்குக் குல்லா போடுவதை எந்த மரபின் பெயராலும் என்னால் ஏற்க முடியாது.

அடுத்த முறை கோடையில் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். பழைய பருத்தி வேட்டிகள் இரண்டைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, மடித்து எடுத்துப் போங்கள். போன வீட்டில் சன்னல் சாத்தியிருந்தால் திறந்துவிட்டு வாருங்கள்.