மேலைநாடு அஞ்சுகிறதா? சீனா துணிகிறதா?

அண்மைக் காலமாக ஒரு கருத்து செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். மேலைநாட்டார் அபாயத்தைக் கண்டு அஞ்சி ஒடுங்கிவிட்டார்களாம்; சீனரோ துணிந்து இறங்குகிறார்களாம்; ஆகவே வருங்காலம் சீனருடையதாம். இதைச் சொல்பவர்கள் நமக்கும் ஒரு புத்திமதியைக் கையோடு வைத்திருப்பார்கள். அனுமதி, ஆய்வு, ஆட்சேபணை என்று காலத்தைக் கடத்தாமல் நாமும் துணிய வேண்டும் என்பார்கள். இந்தக் கருத்து எவ்வளவு தூரம் சரியானது என்று பார்ப்போம்.

இதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2008-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் பெய்ஜிங்குக்கும் தியான்ஜினுக்கும் இடையே மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் இரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மக்கள், தங்களுக்கும் அதிவேக இரயில் வேண்டும் என்று வாக்களித்தார்கள். சீனத்தின் அதிவேகப் பாதைகள் இப்போது 40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. கலிபோர்னியாவின் இரயிலோ இன்னும் ஒரு பயணியைக்கூட ஏற்றவில்லை. நிலம் எடுப்பதில் வழக்கு, சுற்றுச்சூழல் ஆய்வில் வழக்கு, பணத்திற்குத் தட்டுப்பாடு என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. ஜெர்மனியும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் கடைசி மூன்று அணுமின் நிலையங்களை 2023 ஏப்ரல் 15 அன்று மூடிவிட்டது.

ஆனால் அதே வாரத்தில் நடந்த இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் ஸ்டார்ஷிப் ராக்கெட் முதன்முறையாகப் பறந்து, சில நிமிடங்களில் வானில் வெடித்துச் சிதறியது. அதை ஏவியவர்கள் கைதட்டி மகிழ்ந்தார்கள். அணுவுக்கு அஞ்சுகிற ஜெர்மனியில் நெடுஞ்சாலைகளின் பெரும்பகுதியில் கார்களுக்கு வேகக் கட்டுப்பாடே கிடையாது! சீனத்தின் பக்கம் திரும்பினாலும் இதே குழப்பந்தான். 2011 ஜூலை 23 அன்று வென்ஜோ நகரருகே இரண்டு இரயில்கள் மோதி 40 பேர் இறந்ததும், இரயில்களின் வேகம் நாடெங்கும் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு புகுஷிமா விபத்துக்குப் பிறகு உள்நாட்டு ஆற்றங்கரைகளில் அணுமின் நிலையம் அமைக்கும் திட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2022-இல் கொரோனா நோய்க்கு அஞ்சி, ஏறத்தாழ 2½ கோடி மக்கள் வாழும் ஷாங்காய் நகரையே இரண்டு மாதகாலம் பூட்டிவைத்தார்கள். அந்த நோயைப் பொறுத்தவரை சீனத்தைவிட அதிகமாக அஞ்சிய நாடு உண்டா?

ஆக, ஒரு சமுதாயம் முழுவதையும் அச்சமுள்ளது, துணிவுள்ளது என்று எடைபோட முடியாது. ஒவ்வொன்றும் சிலவற்றுக்கு அஞ்சுகிறது, சிலவற்றைப் பொறுத்துக்கொள்கிறது. எதற்கு அஞ்சுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள், முடிவு தவறினால் யார் தலையில் விடிகிறது என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள். இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலைவரை போனால் போதும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் 2,668 அடி உயரமுள்ள மலை எதிரே நிற்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் கொட்டித் தீர்த்த மழையில் மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மீது பாறையும் சேறுமாக இறங்கியது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர்.

இது ஏன் நிகழ்கிறது? நம் பகுதி மலைகளில் கடினமான பாறை, வெயிலாலும் மழையாலும் காலப்போக்கில் சிதைந்து, பெரிய உருண்டைப் பாறைகளாகவும் அவற்றைச் சூழ்ந்த மண்ணாகவும் பிரிந்து கிடக்கிறது. மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதால் உண்டாகும் உராய்வே சரிவைத் தாங்குகிறது. பெருமழையில் துகள்களின் இடைவெளியில் நீர் நிரம்பி, அதன் அழுத்தம் துகள்களை விலக்குகிறது. உராய்வு குறைகிறது. மண் நழுவினால் அதன்மேல் உட்கார்ந்திருந்த பாறையும் கூடவே புறப்படுகிறது. எந்தப் பாறை, எந்த நாளில் என்று எந்த விஞ்ஞானியாலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. எத்தகைய சரிவு, எவ்வளவு மழையில் ஆபத்தானது என்று ஓரளவு சொல்ல முடியும்.

கார்த்திகைத் தீபத்திற்கு அப்போது இரண்டு வாரங்கள்கூட இல்லை. முந்தைய ஆண்டுகளில் தீபத்தன்று 2,500 பேர் மலையேற அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். புவியியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தபின், அவ்வாண்டு பக்தர்கள் ஏறக்கூடாது என்று அரசு அறிவித்தது. கொப்பரையும் நெய்யும் கொண்டுசெல்லும் பணியாளர்கள் மட்டும் ஏறினார்கள். டிசம்பர் 13 அன்று தீபம் வழக்கம்போல் எரிந்தது.

அரசு அளவுக்குமீறி அஞ்சிவிட்டது என்று வருந்தியவர்கள் உண்டு. தடை சரியானதே என்பது என் கருத்து. ஈரம் காயாத சரிவில் ஆயிரக்கணக்கான கால்கள் ஏறினால் ஆபத்து ஏறுபவர்களுக்கு மட்டுமல்ல. உருளும் கல் கீழே உள்ள வீட்டைத்தான் தேடிப்போகும். ஆயினும் இங்கே ஒரு விந்தை இருக்கிறது. மலையேறும் பக்தர் ஓர் இரவு, தம் விருப்பத்தால் போகிறார். சரிவின் அடியில் குடியிருப்பவர் ஆண்டின் 365 இரவும் அதே பாறைகளுக்குக் கீழே உறங்குகிறார். முதலாமவரை ஓர் அரசாணையால் நிறுத்திவிடலாம். இரண்டாமவருக்கோ மாற்று நிலம் வேண்டும், வீடு வேண்டும், வேலைக்குப் போகும் தொலைவில் அது இருக்கவும் வேண்டும். எளிதில் தடுக்கக்கூடிய அபாயத்தைத் தடுப்பதில் எல்லா அரசுகளுமே சுறுசுறுப்பானவை. தடுத்ததால் பழி வராது. தடுக்காமல் ஒருவர் இறந்துவிட்டால் வரும். அமெரிக்க மருத்துவர் வழக்குக்கு அஞ்சித் தேவையில்லாத சோதனைகளை எழுதித் தருவதும் இந்தக் கணக்கில்தான். மேலைநாட்டின் அபாய அச்சம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, உண்மையில் பழிக்கு அஞ்சுவதே.

சான்சி ஸ்டார் என்ற அமெரிக்க அறிஞர் 1969-இல் ஒரு கணக்குச் சொன்னார். மக்கள் தாமாக ஏற்கும் அபாயத்தை, பிறர் தம்மேல் சுமத்தும் அபாயத்தைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு அதிகமாகப் பொறுத்துக்கொள்கிறார்களாம். கருத்து நல்லதே. ஆனால் "தாமாக" என்ற சொல் வழுக்கும் சொல். ஊருக்குள் மனை வாங்கப் பணமில்லாமல் மலையடிவாரத்தில் வீடு கட்டியவர் தாமாகத்தான் போனார் என்று எழுதிக்கொள்வதா?

சீனர் துணிச்சலைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி இந்த இடத்தில் நமக்கு உதவுகிறது. கிறிஸ்டோபர் ஷீ, எல்கே வெபர் என்ற இருவர் 1990-களின் இறுதியில் அமெரிக்கர்களையும் சீனர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். முதலீடு போன்ற பண விஷயங்களில் சீனரே அதிகம் துணிந்தார்கள். மருத்துவம், படிப்பு பற்றிய முடிவுகளில் அந்த வேறுபாடு காணப்படவில்லை. இதற்கு அவர்கள் தந்த விளக்கம் எளிது. சீனர் பணத்தை இழந்து விழுந்தால் தாங்கிப்பிடிக்க உற்றார் உறவினர் என்ற மெத்தை இருக்கிறது. தனித்து வாழும் அமெரிக்கருக்கு அது மெல்லியது. சீட்டு எடுத்தும், மாமன் மச்சானிடம் கைமாற்று வாங்கியும் கடை வைப்பவர்களைக் கண்டிருக்கும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் உறவினர் கடனைத்தான் அடைக்க முடியும். உருண்டுவரும் பாறையைத் தடுக்க முடியாது. துணிவு நெஞ்சில் மட்டும் இருப்பதல்ல, கீழே விரித்திருக்கும் மெத்தையிலும் இருக்கிறது என்றால், மெத்தை இல்லாத இடத்தில் எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று எப்படி ஏசுவது?

அப்படி ஏசியதும் உண்டு. சீனத்தில் அணைகள் மளமளவென்று எழுந்த 1950-களில், வெள்ளம் வடிவதற்கு மதகுகள் கூடுதலாக வேண்டும் என்று வாதிட்டார் சென் சிங் என்ற நீரியல் பொறியாளர். அளவுமீறிய எச்சரிக்கைக்காரர் என்று அவரை ஒதுக்கினார்கள். 1975 ஆகஸ்டில் ஒரு புயல்மழையில் பான்சியாவ் அணை உடைந்தது. அதைத் தொடர்ந்து பல அணைகள் உடைந்தன. அரசுக் கணக்கின்படியே இறந்தவர் 26,000-க்கு மேல். துணிந்தவர்கள் மேசையருகே இருந்தார்கள். வெள்ளம் போனது கிராமங்களுக்கு.

நம் நாட்டில் எச்சரிக்கை எங்கிருந்து சட்டமாயிற்று என்பதையும் பாருங்கள். அது ஐரோப்பாவைப் பார்த்துப் பணக்காரர்கள் கடன்வாங்கிய நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் நம் உச்சநீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று ஏற்றது, திருவண்ணாமலைக்குப் பக்கத்துச் சீமையான பாலாற்றங்கரைக்காகத்தான். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. அத்தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டதென்ற ஆய்வு நீதிமன்றத்தின் முன் இருந்தது. தோல் ஏற்றுமதி அந்நியச் செலாவணி தருகிறது என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் கேடு உண்டு என்று குடியானவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, கேடு இல்லை என்று தொழில் நடத்துபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றார்கள். அதே பாலாற்றின் மாசைப் பற்றி, அதே உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.