அடக்கத்திலிருந்து பரிவுக்கு: அம்மாக்கள் கொடுக்கும் விலை

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலை உப்பளங்களையும் கழிமுக நீரையும் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடுகிறது. அங்கிருந்து சற்று வடக்கே, முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக ஒன்றிய அரசு 2005-இல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. இந்தப் பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையில் தனியார் தெரபி மையங்கள். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒன்று. எங்கே போனாலும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். அப்பாக்கள் வருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமைகளில் சிலர் வருகிறார்கள்.

இந்த மையங்களில் இப்போது புழங்கும் ஒரு சொல் பரிவு. கோபத்தையோ பயத்தையோ தாங்க முடியாமல் கத்தும், எறியும், கடிக்கும், தரையில் விழுந்து புரளும் குழந்தைகளுக்கான நடத்தைச் சிகிச்சை பரிவோடு நடக்க வேண்டும் என்கிறார்கள். நானும் அதையே விரும்புகிறேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பரிவு யாருடைய உடம்பிலிருந்து, யாருடைய நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது?

அப்படிப்பட்ட குழந்தைக்கு நம் பேச்சில் ஏற்கெனவே பெயர்கள் உண்டு. அடங்காப்பிடாரி, பிடிவாதக்காரன், கொழுப்பெடுத்தது, செல்லம் கொடுத்துக் கெட்டது. கடைசிப் பெயர் குழந்தையைச் சொல்வதுபோல் அம்மாவைச் சொல்கிறது. வைத்தியமும் கைவசம் இருந்தது: அடியாத மாடு படியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. வீட்டுக்குள் அந்தப் பழமொழி இன்னும் ஓய்வு பெறவில்லை.

நடத்தைச் சிகிச்சை இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. குழந்தையின் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு, கத்துவதற்கு முன் என்ன நடந்தது, கத்திய பிறகு என்ன கிடைத்தது என்று பார்க்கச் சொன்னது. எழுதச் சொன்ன உடனே நோட்டை எறியும் குழந்தை, எழுதுவதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறது. கல்யாண மண்டபத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தைக்கு நாகஸ்வரமும் மைக் செட்டும் தாங்கவில்லை. நடத்தை ஒரு செய்தி என்று இப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டால், 'வளர்த்தது சரியில்லை' என்ற ஊர்ப்பேச்சு பாதி அடிபட்டுப் போகும்.

ஆனால் செய்தியைப் படித்தவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஐவர் லோவாஸ் 1960-களில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தும் அறைந்தும் 'பழக்கினார்'. 1965-இல் லைஃப் இதழ் அதைப் படங்களோடு வெளியிட்டது. 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் இத்துறைக்குப் புகழ் சேர்த்தது. 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரச் சிகிச்சை கொடுத்ததில் 9 பேர் வழக்கமான பள்ளி வகுப்பில் படிக்கும் நிலையை எட்டினார்கள் என்றது. தொடையில் அடிப்பதும் அந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி. பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்து, குழந்தை விழித்திருக்கும் நேரம் கிட்டத்தட்ட முழுவதும், வருடம் முழுவதும் சிகிச்சை தொடரும்படி செய்தார்கள். 'பெற்றோர்' என்று பொதுவாக எழுதப்படும் இந்த நேரத்தை எந்த வீட்டில் யார் கொடுத்திருப்பார் என்று ஊகிக்க நமக்கு ஆய்வு தேவையில்லை.

லோவாஸ் பெயரோடு இன்னொரு கட்டுரையும் உண்டு. பெண்ணியம் பேசும் எவரும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜார்ஜ் ரெக்கர்ஸும் அவரும் 1974-இல் எழுதியது. ஐந்து வயதை எட்டாத ஒரு சிறுவன். பெண்பிள்ளை உடைகளையும் பொம்மைகளையும் விரும்பினான். அவனை 'ஆணாக்குவது' சிகிச்சையின் இலக்கு. விளையாட்டறையில் அம்மாவை உட்கார வைத்து, காதில் ஒலிக்கருவி மாட்டினார்கள். பையன் துப்பாக்கியை எடுத்தால் சிரித்துப் பாராட்ட வேண்டும், பொம்மையை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வீட்டில் டோக்கன் முறை: ஆண்மைக்கு நீலம், பெண்மைக்குச் சிவப்பு. சிவப்பு சேர்ந்தால் அப்பாவின் அடி. கட்டுரை இதை வெற்றி என்று அறிவித்தது. அந்தச் சிறுவன் வளர்ந்து 2003-இல் தற்கொலை செய்துகொண்டார். 2020-இல் கட்டுரையை வெளியிட்ட இதழே அதைப் பற்றிக் கவலை தெரிவிக்கும் குறிப்பை வெளியிட்டது. நம் ஊரில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் மாதம் வழங்கிய உத்தரவு, பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது.

அந்த விளையாட்டறையின் அம்மாவை நான் அடிக்கடி நினைக்கிறேன். பிள்ளை அவளைப் பார்த்து அழும்போது பாராமல் இருக்கும்படி காதுக்குள் ஒரு குரல் சொல்கிறது. அவளுடைய அன்பு அங்கே ஒரு விசை. யாரோ அழுத்துகிறார்கள், அவள் முகம் மலர்கிறது அல்லது இறுகுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1967-இல், புருனோ பெட்டல்ஹைம் தம் நூலில் தாயின் வெறுப்பே பிள்ளையின் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று வாதிட்டிருந்தார். முதலில் குற்றவாளியாக இருந்த அம்மா, அடுத்த கட்டத்தில் கருவியானாள்.

தமிழ் படித்தவள் என்பதால் என் நினைவு பிள்ளைத்தமிழுக்குப் போகிறது. அதில் அம்புலிப் பருவம் பாடக் கடினமானது என்பார்கள். நிலாவைப் பிள்ளையோடு விளையாட அழைக்க வேண்டும். சாமம், பேதம், தானம், தண்டம் ஆகிய நான்கு வழிகளிலும் அழைக்க வேண்டும் என்பது மரபு. நீயும் பிள்ளையும் ஒன்று என்று இணங்கச் சொல்லலாம். நீ தாழ்ந்தவன் என்று வேற்றுமை காட்டலாம். வந்தால் நன்மை உண்டு என்று ஆசை காட்டலாம். வராவிட்டால் ஆபத்து என்று மிரட்டலாம். கவனியுங்கள், இந்த நான்கும் நிலாவை நோக்கிச் செலுத்தப்படுகின்றன. பிள்ளையைப் பார்த்து யாரும் 'அடங்கு' என்று சொல்வதில்லை. பிள்ளைக்கு ஏற்பச் சுற்றியிருப்பதை மாற்றத்தான் அத்தனை பாடும். மண்டபத்தில் அலறும் குழந்தையை அடக்குவதற்கு முன் ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லும் இன்றைய நல்ல தெரபிஸ்ட் அந்த மரபுக்கு அந்நியமானவர் அல்ல.

ஆனால் மரபைக் கொண்டாடிவிட்டு நகர முடியாது. பிள்ளைத்தமிழின் பிள்ளை கடவுள், அரசன், குரு. சிற்றில் பருவத்தில் ஆண்பிள்ளை சிறுமிகள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்கிறான். சிறுமிகள் கெஞ்சுகிறார்கள். அது அழகான விளையாட்டாகப் பாடப்படுகிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அந்தப் பருவம் கிடையாது. அம்மானை, நீராடல், ஊசல் என்று அவளுக்கு எதையும் உடைக்காத விளையாட்டுகள். எவனுடைய ஆவேசம் லீலை, எவளுடைய ஆவேசம் அடங்காமை என்ற பிரிவினை இலக்கிய வகைமைக்குள்ளேயே இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டையும் சொல்லி, ஒவ்வொன்றும் எந்தெந்த நிலைக்களன்களில் பிறக்கிறது என்றும் சொல்கிறது. உணர்ச்சியை அடக்குவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் அறிவு அது. அதே நூல்தான் அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கு உரியவையாக வைக்கிறது.

இந்தப் பிரிவினை இன்றைய வகுப்பறையிலும் வேலை செய்கிறது. நாற்காலியைத் தள்ளிவிடும் பையனை உடனே 'காட்டச்' சொல்வார்கள். பெஞ்சுக்கு அடியில் தன் கையைக் கிள்ளிக்கொண்டு, வீடு வந்ததும் கதவைச் சாத்தி அழும் பெண் 'அமைதியான பொண்ணு' என்ற சான்றிதழோடு ஆண்டுக்கணக்கில் உதவியின்றி இருப்பாள். அவள் உணர்ச்சியை ஒழுங்குபடுத்திக்கொள்ளவில்லை, ஒளித்துக்கொண்டாள். இரண்டும் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியும்.

பரிவை இந்தத் துறைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அப்படிப்பட்ட ஒரு பெண். மார்ஷா லினஹான் 1961-இல், 17 வயதில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதற்காக மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுத் தனியறையில் அடைக்கப்பட்டவர். பிறகு உளவியல் படித்து, 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' என்ற முறையை உருவாக்கி 1993-இல் நூலாக்கினார். தன் கதையை 2011-இல்தான் வெளியே சொன்னார். அவர் முறையின் அடிப்படை எளியது: உன் வலி உண்மையானது, இப்போது நீ இப்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று முதலில் ஏற்றுக்கொள். மாற்றத்தை அதனோடு சேர்த்துக் கற்றுக்கொடு. பின்னாளில் இம்முறை சிறு குழந்தைகளுக்கும் ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. அடைக்கப்பட்ட அறையின் உள்ளே இருந்தவர் எழுதிய சிகிச்சை, வெளியே நின்று கண்காணித்தவர்கள் எழுதியதிலிருந்து வேறுபட்டதில் வியப்பில்லை.

நடத்தைப் பகுப்பாய்வுத் துறையும் மெல்லத் திரும்பியது. 2019-இல் பிரிட்ஜெட் டெய்லரும் லிண்டா லெப்லாங்கும் மெலிசா நோசிக்கும், தெரபிஸ்டுகள் பெற்றோரோடு பரிவாகப் பழகுவதில் குறைகள் இருப்பதைப் பெற்றோரிடமே கேட்டு எழுதினார்கள். 2022 முதல் நடைமுறைக்கு வந்த அத்துறையின் நெறிமுறை, பொருந்தும் இடங்களில் குழந்தையின் இசைவையும் பெறச் சொல்கிறது. குழந்தை முகத்தைத் திருப்பினால், எழுந்து போனால், அது 'வேண்டாம்' என்பதன் வடிவம். அப்போது நிறுத்து, வேறு வழி பார். எவ்வளவு சிறிய வாக்கியம். பெண் சொல்லும் 'வேண்டாம்' என்பதைக் காதில் வாங்கவே இவ்வளவு காலம் போராடும் ஒரு சமூகத்துக்கு அதன் பெறுமதி தெரியும்.

இத்தனையும் ஏற்றுக்கொண்ட பிறகும் பெஞ்சில் இருக்கும் பெண் அப்படியே இருக்கிறாள். என் பழைய மாணவி ஒருத்தி ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலையில் இருந்தாள். பையனுக்காக வேலையை விட்டாள். ஒருநாள் சொன்னாள்: "மேடம், அங்க எம்பையனுக்குக் கத்த உரிமை இருக்குன்னு சொல்றாங்க. நல்ல விஷயம்தான். அவன் கத்தும்போது நான் அமைதியா மூச்சு விடணுமாம், குரல உயர்த்தக் கூடாதாம். செய்யறேன். நான் எங்க போய்க் கத்தறது?"

குற்றவாளி அம்மா, கருவி அம்மா என்பவற்றுக்குப் பிறகு வந்திருக்கும் மூன்றாவது உருவம் இது, அமைதியான அம்மா. குழந்தை தன் உணர்ச்சியைத் தானே ஆற்றிக்கொள்ளக் கற்கும்வரை பெரியவர் ஒருவர் தன் அமைதியைக் கடன் கொடுக்க வேண்டும் என்பது அறிவியலாகச் சரிதான். கடன் கொடுப்பவர் ஒரே ஆளாக இருப்பதுதான் சிக்கல். 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். வீட்டாரைப் பராமரிப்பதற்குப் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். இந்தக் கணக்கின் மேல்தான் 'வீட்டில் தினமும் பயிற்சி செய்யுங்கள்' என்ற தாள் வந்து உட்காருகிறது.

வர்க்கமும் இதில் இருக்கிறது. ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட பெண்களில் பலர் இந்தச் சாலையோர அடுக்குமாடிகளில் வீட்டுவேலை செய்கிறார்கள். அவர்கள் பாத்திரம் துலக்கும் நேரத்தில்தான் அந்த வீட்டு அம்மா பிள்ளையைத் தெரபிக்கு அழைத்துப் போக முடிகிறது. துலக்குபவளின் பிள்ளையும் கத்தக்கூடும். அவனை முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போனால் ஒரு நாள் கூலி போகும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் மனநோயையும் உள்ளடக்கி 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. அந்தச் சட்டம் அவள் வீட்டு வாசலுக்கு வர, பேருந்துச் செலவையும் கூலி இழப்பையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

பரிதல் என்ற வினைக்குத் தமிழில் வருந்துதல் என்றும் பொருள் உண்டு. மேலிருந்து வழங்கும் கருணையாக அல்லாமல், இன்னொருவர் வருத்தத்தில் பங்கு கொள்வதாக அந்தச் சொல்லைப் படிக்கலாம். அப்படியானால் பங்கு எத்தனை பேருக்கு என்று கேட்காமல் இருக்க முடியாது.

ஆகவே, பிள்ளையை அழைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும் பெண்களும், நாளை ஆசிரியர்களாகவோ தெரபிஸ்டுகளாகவோ போகும் மாணவிகளும் கேட்க வேண்டிய சில கேள்விகள். பிள்ளை வேண்டாம் என்று காட்டினால் நிறுத்துவீர்களா? கதவு திறந்திருக்குமா, நான் பார்க்கலாமா? கையை உதறுவதை நிறுத்துவது இலக்கா, அவன் வலியைக் குறைப்பது இலக்கா? பெண்பிள்ளை அமைதியாக இருந்தால் அதை முன்னேற்றம் என்று எழுதிவிடுவீர்களா? பெற்றோர் பயிற்சிக்கு அப்பாவை யார் போனில் கூப்பிடுவீர்கள், அவர் வரக்கூடிய நேரத்தில் வைப்பீர்களா?

கடைசிக் கேள்வியை என் மாணவி கேட்டாள். பெற்றோர் வகுப்பு மாலை ஏழு மணிக்கு மாறியது. அவள் கணவர் இப்போது வாரம் ஒருநாள் போகிறார். அந்த ஒரு மணி நேரம் அவள் எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை.