குறுங்கதை வாசிப்பு: நம் வழிகளும் நெறிகளும்

நம் மன்றத்தின் மலருக்குக் குறுங்கதை பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்தார்கள். என்னைவிட மூத்தவர்கள், நிறைய வாசித்தவர்கள் நம் மன்றத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் அன்போடு கேட்டவர்களிடம் மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை. குறுங்கதை எத்தனை சொல்லுக்குள் அடங்க வேண்டும், சிறுகதை எங்கே முடிந்து குறுங்கதை எங்கே தொடங்குகிறது என்ற வழக்குகளை நாம் ஆண்டுக்கணக்கில் பேசி ஓய்ந்துவிட்டோம். அவற்றை மறுபடி கிளற மாட்டேன். குறுங்கதையை வாசிப்பதில் நாம் கண்ட இன்பம் எது, அதற்கு நம் பெரியவர்கள் வகுத்துத் தந்த முறைகள் எவை, அவை இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

புதுவைக்காரர்களான நமக்கு இந்த வடிவத்தில் பாத்தியதை கொஞ்சம் அதிகம். வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் ‘விவேகபோதினி’யில் வெளிவந்தபோது ஐயர் இந்த ஊரில்தான் அடைக்கலம் புகுந்திருந்தார். 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதியார், பாட்டுக்கும் பத்திரிகைக்கும் இடையில் கதையும் எழுதினார். அவருடைய ‘காக்காய் பார்லிமெண்ட்’ நம் கூட்டங்களில் எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம் பெரியவர்கள் லா ஃபோந்தேனின் விலங்குக் கதைகளைத் தலைகீழ்ப் பாடமாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே பிரெஞ்சு மொழியில் ஃபெலிக்ஸ் ஃபெனெயோன் 1906இல் ‘லெ மத்தேன்’ நாளிதழுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூன்று வரிச் செய்திகளை எழுதினார். கொலை, விபத்து, வேலைநிறுத்தம் என்று எதுவாயினும் மூன்றே வரி. ஒரு குடும்பம் சீரழிந்த கதை அதற்குள் இருக்கும். நம் ஊரில் பிறந்து, ‘வானம் வசப்படும்’ நாவலுக்காக 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பிரபஞ்சன் இன்று இருந்திருந்தால் இந்த மலருக்கு அவரிடம்தான் கட்டுரை வாங்கியிருப்போம்.

நம்மிடையே வழங்கும் வாசிப்பு வழிகள் நான்கு.

முதலாவது, உம் கொட்டும் வழி. கிராமத்துக் கதைசொல்லி ஓர் அடி சொல்லி நிறுத்துவார். கேட்பவர் ‘உம்’ என்றால்தான் அடுத்த அடி வரும். ‘உம்’ வரவில்லையென்றால் கதை அங்கேயே நின்றுவிடும். இந்த வழியை நமக்கு எழுத்தில் கொண்டுவந்து கொடுத்தவர் கி.ரா. இடைசெவலில் பிறந்தவர், 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் பணிக்காக இங்கே வந்தார். 2021 மே மாதம் மறையும்வரை நம் ஊர்க்காரராகவே இருந்தார். லாசுப்பேட்டையில் அவரைப் பார்த்துப் பேசிய பாக்கியம் நம் உறுப்பினர்கள் பலருக்கு உண்டு. அவர் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளில் அரைப் பக்கத்தில் முடிபவை ஏராளம். அவற்றை மனசுக்குள் மௌனமாக வாசித்தால் பாதிச் சுவைதான் கிடைக்கும். வாய்விட்டுச் சொல்ல ஒருவரும் உம் கொட்ட ஒருவரும் வேண்டும்.

இரண்டாவது, ‘மணிக்கொடி’ இதழின் வழி. எங்கள் ஆசிரியர் ஐயாவின் வழி அதுவே ஆகையால் பின்னால் விரித்துச் சொல்கிறேன்.

மூன்றாவது, பத்திரிகை வழி. ‘குமுதம்’, ‘ஆனந்த விகடன்’ முதலிய வார இதழ்கள் வளர்த்த ஒரு பக்கக் கதையை நம்மிலேயே சிலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முடிதிருத்தகத்திலும் மருத்துவமனை வரிசையிலும் உட்கார்ந்தபடி கதை படிக்கப் பழகிய ஒரு தலைமுறையை அந்த ஒற்றைப் பக்கம்தான் உண்டாக்கியது. அமெரிக்காவில் ஸ்டீவ் மாஸ் 1987இல் ஒரு வார இதழில் தொடங்கிய ஐம்பத்தைந்து சொல் கதையைத் தமிழ் வாசகர்களிடம் எடுத்து வந்து பேசவைத்தவர் சுஜாதா. இந்த வழியின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: கடைசி வரியில் ஒரு திருப்பம்.

நான்காவது, புதிய வழி. காஃப்காவின் உவமைக் கதைகள், யசுநாரி கவபத்தாவின் உள்ளங்கைக் கதைகள் ஆகியவற்றை வாசித்து வளர்ந்தவர்கள் இதில் வருகிறார்கள். யுவன் சந்திரசேகரின் ‘மணற்கேணி’, எஸ். ராமகிருஷ்ணனின் ‘கர்னலின் நாற்காலி’ ஆகியவற்றை நம் இளைஞர்கள் விரும்பி வாசிக்கிறார்கள். இங்கே திருப்பம் இல்லை. கனவில் கண்டதுபோல் ஒரு காட்சி தோன்றி நிற்கும். மலையாளத்தில் பி.கே. பாறக்கடவு சில வரிகளிலேயே கதையை முடிக்கிறார். வங்கத்தில் தாகூர் 1922இல் ‘லிபிகா’ தந்தார். உருதில் மண்ட்டோ, தேசப் பிரிவினையின் ரத்தம் காயும் முன்பே, 1948இல் ‘சியாஹ் ஹாஷியே’ என்ற சிறு நூலை எழுதினார். அதில் சில கதைகள் இரண்டு மூன்று வரிதான். அழுகை இல்லை, கண்டனம் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். வாசித்தவனுக்குத்தான் தூக்கம் போகிறது.

இனி, விரித்துச் சொல்வதாகச் சொன்ன மணிக்கொடி வழியையும் எங்கள் ஆசிரியர் ஐயாவையும் பற்றி. அவர் பெயரைச் சொல்லி எழுதும் வழக்கம் எனக்கில்லை. நம் மன்றத்தாருக்குச் சொல்ல வேண்டியதுமில்லை. நெல்லித்தோப்பில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்கப் பழகியவர்கள்தான் நம் மன்றத்தின் முதல் வரிசை. ரோமன் ரோலான் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வருவார். மாலையில் மாதா கோயில் மணி அடித்ததும் வாசிப்பு தொடங்கும். ஒரு மாலைக்கு ஒரு கதைதான். அரைப் பக்கக் கதையாயிற்றே, இன்னொன்று வாசிக்கலாமே என்று புதிதாக வந்தவர் யாராவது கேட்டால், “நெல்லிக்காய் தின்னவன் உடனே லட்டு கேட்கலாமா? தண்ணி குடிச்சுப் பாரு, அப்புறம்தான் இனிப்பு தெரியும்” என்பார்.

அவர் வகுத்த முறை இது. முதலில் ஒருவர் கதையை நிறுத்தாமல் வாசிப்பார். பிறகு யாரும் பேசக் கூடாது. சிறிது நேரம் கழித்து வேறொருவர், வேறொரு குரலில், அதே கதையை வாசிப்பார். அதன் பிறகும் பேச்சு இல்லை. மூன்றாவது முறை புத்தகத்தைக் கையில் வாங்கி அவரவர் மனசுக்குள் வாசிக்க வேண்டும். மறுநாள் வந்ததும் புத்தகத்தைத் திறக்காமல் நினைவிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். பாத்திரத்தின் பெயர் மறந்திருந்தால் அவர் கோபிக்க மாட்டார். கதையில் எந்தப் பொருள் நினைவில் தங்கியது என்று கேட்பார். பொருள் எதுவும் தங்கவில்லையென்றால் கதை சரியில்லை, அல்லது வாசித்தவன் சரியில்லை என்பார்.

அவருக்கென்று ஒரு சோதனை இருந்தது. கதையின் கடைசி வரியை ஓர் அஞ்சலட்டையால் மறைத்துக்கொள்வார். மறைத்த பிறகும் கதை நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் அது கதை, விழுந்தால் துணுக்கு. திருப்பத்தை மட்டும் நம்பி எழுதியவை இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறுவதில்லை. திருப்பம் தெரிந்த பிறகும் நாம் திரும்பிப் போய் வாசிக்கிற கதைதான் தேறும்.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934இல் ‘மணிக்கொடி’யில் வந்தது. எங்கள் திண்ணையின் பாலபாடம் அதுதான். மில்லில் வேலை செய்யும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் குதிரை வண்டிக்காரப் புருஷன், அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. இருண்ட சந்தில் அவள் ஒருவனோடு மறைகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. சந்துக்குள் என்ன நடந்தது என்று புதுமைப்பித்தன் ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சந்தையும் சாக்கடையையும் கொசுவையும் மழையையும் நம்மை நடக்கவைத்தே காட்டிவிடுகிறார். ஆகவே அவள் மறைகிற இடம் நமக்குத் தெரிந்த இடமாகிவிடுகிறது. மறுநாள் யார் கதை சொன்னாலும் அந்த முக்கால் ரூபாய் தவறாமல் வந்துவிடும். முழு ரூபாயாக இருந்திருந்தால் மறந்திருப்போமோ என்னவோ.

இந்தக் கதையின் முடிவில் ஆசிரியரே குறுக்கிட்டு நம்மைப் பார்த்துப் பேசுகிறார். ‘கதாசிரியர் விளக்கம் சொல்லக் கூடாது என்கிறீர்களே, புதுமைப்பித்தன் சொல்லவில்லையா?’ என்று ஐயாவிடம் ஒருமுறை கேட்டேன். அஞ்சலட்டையை எடுத்து அந்த வரிகளை மறைத்தார். “இப்போ கதை நிக்குதா?” என்றார். நின்றது. “அப்போ இந்த வரி கதைக்காக இல்லை. உனக்காக. விளக்கம் சொல்றவன் உன்னை சமாதானமா வீட்டுக்கு அனுப்புவான். இவன் உன்னைப் போகவிடாம சட்டையைப் பிடிக்கிறான்” என்றார். வாசிப்பு பற்றி நான் கற்ற பாடங்களில் இதற்கு மேலான ஒன்று இல்லை.

குறுங்கதை நம்மை ஈர்ப்பது நேரம் மிச்சமாவதால் என்று பலரும் சொல்கிறார்கள். பணிவோடு மறுக்கிறேன். நாவலில் ஆசிரியர் நமக்கு வீடு கட்டித் தந்துவிடுகிறார். நாம் குடியிருந்தால் போதும். குறுங்கதையில் ஆசிரியர் சொல்லாமல் விட்டவை அத்தனையும் நம் பொறுப்பு. அம்மாளு மறுநாள் காலையில் மில்லுக்குப் போனாளா, கஞ்சி குடித்தவன் காசு ஏது என்று கேட்டானா என்று வாசகன் பல வருஷம் யோசித்துக்கொண்டிருக்கலாம். சொல் குறையக் குறைய வாசிப்பு நேரம் கூடுகிறது. அந்தக் கூடுதல் நேரம்தான் இந்த வடிவத்தின் இன்பம்.

இப்போது ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. இன்று கூட்டங்கள் நடத்துவோரும் கதை வாசிப்போரும் ஆர்வத்தோடும் கைக்காசு செலவழித்தும் செய்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கதை வாசித்து முடித்த அந்தக் கணத்திலேயே “இந்தக் கதை நமக்கு என்ன சொல்கிறது என்றால்…” என்று ஒருவர் எழுந்துவிடுகிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதை இரண்டு நிமிடம், விளக்கம் இருபது நிமிடம். அவர் உட்கார்ந்ததும் அந்த விளக்கத்துக்கு இன்னொருவர் விளக்கம். வாசகன் மனசில் கதை இறங்கும் முன்பே அதைத் தோலுரித்துத் துண்டுபோட்டுவிடுகிறார்கள்.

இது கூட்டத்தோடு நிற்கவில்லை. குழந்தைகளின் வினாத்தாளில் ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று வருகிறது. பிள்ளை ஒற்றை வரி எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு கதையை அன்றே மறக்கிறது. கைப்பேசியில் வந்து விழும் குட்டிக் கதைகளில் எழுதியவர் பெயர் இருப்பதில்லை, ஆனால் கீழே தடித்த எழுத்தில் நீதி மட்டும் இருக்கிறது. ஹெமிங்வே எழுதியதாகச் சொல்லி ஓர் ஆறு சொல் கதை ஓயாமல் சுற்றுகிறது. அதை அவர் எழுதினார் என்பதற்குச் சான்றே கிடையாது. அதற்கும் அரைப் பக்கம் விளக்கம். ஒரு போட்டியில் நடுவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்மணி எழுதிய அருமையான கதை ஒன்று, கதவைத் தாழிடாமல் தூங்கப் போகும் ஒரு தாயோடு முடிந்தது. உடனிருந்தவர்கள் ‘கருத்து தெளிவாக இல்லை’ என்று அதை ஒதுக்கினார்கள். நான் வாதாடியும் பயனில்லை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். விளக்கம் இல்லாத ஒரு கதையோடு ஐந்து நிமிடம் உட்கார முடியாதவன், விளக்கம் இல்லாத ஒரு துக்கத்தோடு எப்படி உட்காருவான்? சாவு வீட்டில் போய் இறந்தவருக்கு எதனால் வந்தது, எந்த டாக்டரைப் பார்த்திருக்கலாம் என்று விளக்கம் பேசுகிறார்களே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? வீட்டில் மனைவி பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை வாசிக்கத் தெரியாமல் சண்டைக்கு நிற்கிறோமே, அது எதனால்? தொலைக்காட்சி விவாதங்களில் ஒருவரை ஒருவர் முடிக்க விடாமல் கத்துவது எதனால்? மௌனத்தை வாசிக்கும் பயிற்சி போய்விட்டது என்பதுதான் என் பதில். சொல்லாமல் விடுவதில் சிறந்திருந்த ஒரு மொழியை, எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லும் மொழியாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம். இப்படியே போனால் இன்னும் ஒரு தலைமுறையில் தமிழில் கதை எழுத ஆள் இருப்பார்கள். கதை கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். மற்ற இழப்புகளையெல்லாம் ஈடுகட்டிவிடலாம், இதை ஈடுகட்ட முடியாது என்றே நம்புகிறேன்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று மூத்தவர்கள் எண்ணினால் பொறுத்தருள வேண்டும். கடிந்துகொள்வதோடு நில்லாமல், நம் மன்றம் செய்யக்கூடியதையும் சொல்கிறேன். ஐயாவின் முறையை நம் மாதக் கூட்டத்தின் விதியாகவே எழுதிவைக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு ஒரே கதை. இரண்டு குரலில் வாசிப்பு. அதில் ஒன்று இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவருடையதாக இருக்கட்டும். எழுதியவர் பெயரும் வெளிவந்த இதழும் ஆண்டும் தெரியாத கதை மேடைக்கு வரக் கூடாது. வாசித்த அன்று கதை பற்றிய பேச்சே வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் அதற்கு. இடைப்பட்ட ஒரு மாதம் அந்தக் கதை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருந்துவிட்டு வரட்டும். அதன் பிறகும் பேச எதுவும் இருந்தால் பேசுவோம். எவருக்கும் எதுவும் இல்லையென்றால் அந்தக் கதையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம்.

இந்தத் தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் நானே முன்மொழிகிறேன். வழிமொழிய உறுப்பினர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.